வண்டு விழுந்த அரிசிதான் வேண்டும்

வண்டு விழுந்த அரிசியைத் தேடிப் போய்க் கேட்டு வாங்கியவள் இந்த மெட்ராஸிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் வண்டைப் பார்த்தால் முகம் சுளித்துப் பையைத் திருப்பிக் கொடுப்பார்கள். நான் இரண்டு கையையும் தட்டிக் குதித்தேன். அதுவும் அடையாறில், ஏசி போட்ட கடையில், நாலு பேர் பார்க்க! இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே போட்டால் படிக்கிறவர்கள் மிரண்டுபோவார்களாம், அதனால் புத்தகத் தமிழில் போடுகிறாள். போடட்டும். யார் யார் என்ன பேசினார்கள் என்பதை மட்டும் மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இருப்பது கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி. நான், என் மகன், மருமகள், கைக்குழந்தையாக ஒரு பேத்தி. மகன் வாடகை ஆட்டோ ஓட்டுகிறான். மருமகள் தி.நகரில் ஒரு பெரிய புடவைக் கடையில் புடவை எடுத்துக் காட்டுகிற வேலை பார்த்தாள், பிரசவத்துக்காக நின்றாள். பிறந்தது பெண். என்ன கண், என்ன மூக்கு! சரி, அதை ஆரம்பித்தால் அரிசிக்கு வந்து சேர மாட்டேன்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் பருப்புச் சாதம் குழைத்து ஊட்டலாம் என்று நர்சம்மா சொல்லிவிட்டாள். அன்றைக்கே மருமகள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். பூச்சி மருந்து அடிக்காமல் விளைந்த அரிசி, பருப்புதான் குழந்தை வாயில் படலாம். பால் கொடுக்கிறவள் தானும் அதைத்தான் சாப்பிட வேண்டும். போனில் என்னென்னவோ பார்த்திருக்கிறாள். ஆர்கானிக் என்று ஒரு பெயர் சொன்னாள். அந்த வார்த்தை என் வாய்க்குள் ஒழுங்காக உட்கார மூன்று நாள் ஆனது.

மகன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "நாமெல்லாம் அந்த மருந்தத் துன்னுட்டுதானே வளந்தோம்? இன்னா கொறஞ்சி பூட்டோம்?"

"முப்பது வயசுல முட்டி வலி, முன்னாடி வழுக்கை. அதான் பாத்துகினே கீறனே," என்றாள் மருமகள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ யாருக்கும்மா அம்மா? எனக்கா, அவளுக்கா?"

"யாரு சோறு போடறாங்களோ அவங்களுக்குடா," என்றேன்.

சிரிப்பெல்லாம் இரண்டு நாள்தான். ஆனி மாதம் பாதி போயிருந்தது. புடவைக் கடை சூப்பர்வைசர் போன் செய்தார். ஆடித் தள்ளுபடி தொடங்கப்போகிறது, ஆள் பற்றாது, ஆடி பிறக்கும்போது வந்து நின்றால் வேலை, இல்லையென்றால் வேறு பெண்ணைப் போட்டுவிடுவோம் என்றார். தி.நகரில் ஆடித் தள்ளுபடி என்றால் உங்களுக்குத் தெரியும். காலையிலிருந்து ராத்திரி கடை சாத்துகிற வரைக்கும் நிற்க வேண்டும். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்தால் இவள் கால் இரண்டும் பலாப்பழமாக வீங்கியிருக்கும். குழந்தையோ தாய்ப்பால் தவிர எதையும் வாயில் வைத்துப் பழகாதது. பகல் முழுக்க அம்மா இல்லையென்றால் புட்டிப்பால்தான்.

மருமகள் அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "போறேன் அத்தை. போனாதான் அந்த அரிசி பருப்பு வாங்க முடியும். இவரு குடுக்கற மளிகைத் துட்டுல அதுல கால்வாசிகூட வராது."

குழந்தைக்கு நல்ல சோறு வேண்டும் என்பதற்காகக் குழந்தையை விட்டுப் போவதா? இது என்ன கணக்கு? எனக்குப் பொறுக்கவில்லை. மகனிடம் போய்க் கையை நீட்டினேன்.

"மளிகைத் துட்ட எங்கையில குடுடா. அதே துட்டு. ஒரு ரூபா சாஸ்தி கேக்க மாட்டேன். அந்த ஆர்கானிக்க நான் வாங்கினு வரேன்."

"நீயா? பஸ்ஸு நம்பரே தெரியாது உனக்கு."

"பஸ்ஸுக்கு நம்பர் எதுக்குடா? மூஞ்சி போதும்."

அவன் யோசித்தான். "ஆடி பொறக்கறதுக்குள்ள நடத்திக் காட்டு. முடியலன்னா அவ வேலைக்குப் போட்டும், நீ அப்புறம் ஒப்பாரி வெக்கக் கூடாது."

"வெச்சா உன் ஆட்டோல வந்து வெக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பஸ்ஸுக்கு மூஞ்சி போதும் என்றேனே, அது பொய் இல்லை. முகப்பில் ரோஸ் கலர் அடித்த பஸ் எல்லாம் பெண்களுக்கு இலவசம். எனக்கு அந்தக் கலர் போதும். ஏறி உட்கார்ந்துவிட்டு, "மயிலாப்பூர் போவுதா? அடையாறு போவுதா?" என்று கேட்பேன். போகாவிட்டால் அது போகிற இடத்தில் எனக்கு ஏதாவது வேலை இருக்கும். அந்த வாரம் ஒரு நாள் அப்படித்தான் வடபழனிக்குப் போய்விட்டேன். முருகனைக் கும்பிட்டுவிட்டு, அங்கே கடலைப்பருப்பு என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கடையைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. மருமகள் அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "பச்ச போர்டு இருக்கும் அத்தை. ஒரு எல படம் போட்டிருக்கும்." அடையாறில் இறங்கிப் பார்க்கிறேன், தெருவுக்கு ஒரு பச்சை போர்டு, போர்டுக்கு ஒரு இலை! முதலில் கண்ணில் பட்டதற்குள் நுழைந்தேன். ஜில்லென்று இருந்தது. ஒரு பெண் ஓடி வந்து, "வாங்கம்மா, உக்காருங்க," என்று சுழல்கிற நாற்காலியில் உட்கார வைத்தாள். பரவாயில்லையே, மளிகைக் கடையில் இவ்வளவு மரியாதையா என்று நானும் சாய்ந்துகொண்டேன்.

"அரிசி கீதா பாப்பா?"

"இருக்கும்மா. அரிசி மாவும் இருக்கு, பாசிப்பருப்பு மாவும் இருக்கு. எது போடட்டும்?"

"ரெண்டும் போடு," என்றேன். அவள் என் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினாள். அப்போதுதான் எதிரே இவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. மூஞ்சிக்கு மாவு பூசுகிற கடை! நான் துண்டோடு எழுந்துவிட்டேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நல்ல பெண் அவள். துண்டை அவிழ்த்துவிட்டு, வாசல்வரை வந்து, நாலு கடை தள்ளி என்று கையைக் காட்டினாள். "அடுத்த தபா வரேன் பாப்பா, எம் மூஞ்சிக்கு ஒரு படி மாவு எடுத்து வெய்யி," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சரியான கடைக்குள் நுழைந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனை அரிசி! சிவப்பு, கறுப்பு, ரோஜாக் கலர். மூங்கில் கூடையில் நாட்டுத் தக்காளி, கோணல் மாணலாக, நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. விலையைக் கேட்டேன். நிறைந்த கண் அப்படியே நின்றுவிட்டது. மகன் கொடுத்த பணத்துக்கு அங்கே அரிசி வாங்கினால் பருப்பு இல்லை, பருப்பு வாங்கினால் புளி இல்லை. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டு, காட்டன் புடவை கட்டி, பார்க்க டீச்சர் மாதிரி இருந்தாள். ஒன்றும் வாங்காமல் சுற்றிச் சுற்றி வந்த என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கே அவளுக்குப் புண்ணியம்.

நான் தோற்றுப்போய் வாசலுக்குத் திரும்புகிற நேரம். அரை டிராயரும் பூட்ஸும் போட்ட பெரியவர் ஒருவர் கையில் ஒரு பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். செத்த எலியைத் தூக்குவது மாதிரி இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"இதைப் பாருங்கோ! போன வாரம் வாங்கினது. உள்ள வண்டு ஊர்றது!"

"சார், அதுல மருந்து எதுவும் போடறதில்லை. அதனாலதான் வண்டு வர்றது. கொஞ்சம் சலிச்சா போயிடும்," என்றாள் கடைக்கார அம்மா.

"மருந்து போடலேங்கறதுக்காக நான் அசைவம் சாப்பிடணுமா?"

அவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா பையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பையைப் பார்த்தேன். உள்ளே வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது, கொழுகொழுவென்று, கறுப்பாக, என்ன ஆரோக்கியம்! அங்கேதான் கையைத் தட்டிக் குதித்தேன்.

"அம்மா, அந்தப் பைய எங்கையில குடும்மா!"

"பாட்டி, இதுல வண்டு இருக்கு."

"அதுக்குத்தாம்மா கேக்கறேன். வண்டு துன்னுட்டு உயிரோட கீதுன்னா கொழந்தையும் துன்னலாம். நீ போர்டு எழுதி வெச்சிகீற, எனக்குப் படிக்கத் தெரியாது. இது எனக்குப் படிக்கத் தெரியுது."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தாள். "இதை விக்க முடியாது பாட்டி. திருப்பி அனுப்பணும்."

"யாருக்கு?"

"விளைவிச்சவருக்குத்தான். பாவம், எல்லாம் அவர் தலையிலதான் போய் விடியறது."

"அவரு தலைல எதுக்குப் போடற? என் தலைல போடு. சும்மாடு சுத்திகினு தூக்கினு போறேன்."

அரிசி ஒரு பை, அதே மாதிரி திரும்பி வந்த பாசிப்பருப்பு ஒரு பை. பாதி விலைக்கும் கீழே கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது மடியில் இரண்டு பையையும் வைத்துக்கொண்டேன். ஒரு வண்டு பையிலிருந்து வெளியே வந்து என் கையில் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் துள்ளி எழுந்தாள். "ஒண்ணும் பண்ணாதும்மா, எங்கூடதான் வருது," என்றேன். கோட்டூர்புரம் வரைக்கும் எனக்கு இரண்டு சீட்!

மொட்டைமாடியில் பழைய புடவையை விரித்துப் பருப்பைக் கொட்டினேன். பருப்பை வெயிலில் போடலாம், அரிசியை நேர் வெயிலில் போட்டால் உடையும். அதைத் தண்ணீர்த் தொட்டி நிழலில் பரப்பினேன். சூடு ஏற ஏற வண்டுகள் ஊர்வலம் போவது மாதிரி ஓரத்துக்குக் கிளம்பின. பிறகு சல்லடை, பிறகு முறம். எதிர் வீட்டுக்காரி துணி உலர்த்த வந்தாள்.

"இன்னாக்கா, பூச்சிப் பண்ணை வெச்சிகீறியா?"

"ஆமா. ரெண்டு புடிச்சிக் குடுக்கட்டா? நீயும் வளக்கறியா?"

அந்த அரிசியில்தான் குழந்தைக்கு முதல் சோறு. குழையக் குழைய வேகவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, மருமகள் விரல் நுனியால் எடுத்து வைத்தாள். குழந்தை யோசித்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். முதல் வாயைத் துப்பியது. இரண்டாவது வாய்க்கு, அம்மாவின் விரலையே பிடித்து இழுத்தது! மகன் கை தட்டினான். மிச்சத்தை நாங்கள் மூன்று பேரும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம். "சோக்கா கீதும்மா," என்று மகன் தன் வாயால் சொன்னான். எழுதிக்கொள், அப்படியே எழுதிக்கொள் என்று இப்போது இவளிடம் சொல்கிறேன்.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

மறுநாளே கடைக்குப் போய் முந்தானையில் மிச்சமிருந்த பணத்தை மொத்தமாக அவிழ்த்துக் கொடுத்தேன். திரும்பி வந்த அரிசியில் அரை மூட்டை, துவரம்பருப்பு, கேழ்வரகு, எல்லாம் வண்டோடு. மகன் ஆட்டோவில் வந்து ஏற்றிக்கொண்டு போனான். மாதம் முழுக்கத் தாங்கும். ஆடி பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நாலு புடவை விரித்து எல்லாவற்றையும் பரப்பினேன். வண்டுகள் கிளம்பின. ஆனால் இந்தத் தடவை எறும்பும் கிளம்பிவிட்டது. சுவரோரத்திலிருந்து ஒரு படையே வருகிறது. நான் கீழே இறங்கினேன். ஜன்னல் மேல் ஒரு டப்பா இருந்தது. ரங்கநாதன் தெருவில் கூவிக் கூவி விற்கிறார்களே, எறும்பு சாக்பீஸ், அது. வருஷக்கணக்காக எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவைச் சுற்றி, தொட்டிலைச் சுற்றி, படுக்கையைச் சுற்றிக் கோடு போட்ட கை இது. எடுத்தது, மேலே வந்தது, நாலு புடவையைச் சுற்றியும் தடிமனாக, அழகாக, ஒரு இடம் விடாமல் கோடு போட்டது. கோலம்கூட நான் அவ்வளவு நன்றாகப் போட்டதில்லை. எறும்பு திரும்பிப் போனது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தேன்.

அடையாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. ஆனிக் கடைசிக் காற்று, சும்மா விடுமா? புடவை ஓரங்களைத் தூக்கித் தூக்கி அடித்தது. கோட்டு மேல் ஓரம் மடிந்து, வெள்ளைப் பொடியோடு எழும்பி, அரிசி மேலேயே விழுந்து புரண்டது.

மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"அத்தை, இது இன்னா வெள்ளக் கோடு?"

"எறும்பு வந்துச்சி, அதான் சாக்பீஸு..." என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. மருந்து படாத அரிசிக்கு மருந்தால் வேலி கட்டியிருக்கிறேன்! அலைந்து அலைந்து விஷமில்லாததைத் தேடி வந்து, என் கையாலேயே விஷத்தைத் தெளித்துவிட்டேன்.

அவள் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். "பரவால்ல அத்தை. ஓரத்த தள்ளிட்டு நடுவுல கீறத எடுத்துக்கலாம்." நடுவிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். மெதுவாகக் கையை விரித்து அங்கேயே கொட்டிவிட்டாள். எனக்கும் மனது வரவில்லை. அது சின்ன வாய். அந்த வாய்க்கு இதில் மிச்சத்தைப் பொறுக்கிக் கொடுப்பதா? காக்கைக்குக்கூடப் போட முடியாது. எல்லாவற்றையும் புடவையோடு மூட்டையாகக் கட்டி, குப்பை வண்டிக்காரரிடம், "இதுல மருந்து பட்டுபோச்சி, யாரும் தொட வேணாம்," என்று சொல்லிக் கொடுத்தேன்.

"நான் வேலைக்குப் போறேன் அத்தை," என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை அறுத்தது.

விடிந்ததும் ரோஸ் பஸ்ஸைப் பிடித்தேன். கடை திறக்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அம்மா வந்து ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன், எறும்பிலிருந்து குப்பை வண்டி வரைக்கும், ஒன்றையும் விடாமல். மறைத்துவிட்டு இன்னொரு மூட்டை கேட்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது ஒரு எண்ணம் வந்தது உண்மை. நம்மால் முடியுமா? வாய் நிற்காதே.

அந்த அம்மா முதலில் திகைத்தாள். பிறகு அவள் உதடு கோணியது. பிறகு ஒரு சாக்கு மேல் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"பாட்டி, நான் ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்கோ. எங்காத்துல கரப்பான் வந்தா நானும் ஸ்ப்ரேதான் அடிக்கறேன். வேப்பெண்ணெய் வித்துண்டே!"

"அடிப்பாவி!" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"இந்த மாரி திரும்பி வந்தது இன்னும் எவ்ளோ கீது?"

பின்னால் ஒரு அறையைத் திறந்து காட்டினாள். அப்பா! கம்பு, வரகு, உளுந்து, அரிசி, மூட்டை மூட்டையாக. "மழைக்காலத்துல இன்னும் மோசம் பாட்டி. வாங்கறவாளுக்கு மருந்தும் இருக்கக் கூடாது, வண்டும் இருக்கக் கூடாது. நான் எங்க போறது? எனக்கு முறம் பிடிக்கவே தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றேன்.

சும்மா சொல்லவில்லை. மாம்பலத்துக் கல்யாண மண்டபங்களில் சமையல் கான்ட்ராக்டரிடம் வேலை செய்தவள் நான். ஆயிரம் பேர் சாப்பிடுகிற கல்யாணத்துக்கு அரிசி புடைக்க நாலு பொம்பளைகள் உட்காருவோம். பந்தியில் ஒரு கல் ஒரு பல்லில் பட்டால் போதும், மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தையே தலைகீழாக்கிவிடுவார்கள். அங்கே தொங்கிய ஒரு முறத்தை எடுத்தேன், விற்பனைக்கு வைத்திருந்தது, அழகுக்காம்! இரண்டு கை உளுந்தைப் போட்டுத் தட்டினேன். தூசி முன்னால் பறந்தது, வண்டும் சொத்தையும் நுனிக்கு வந்தன, நல்லது பின்னால் என் பக்கம் குவிந்தது. ஒரு சுண்டு. குப்பை வெளியே. அந்த அம்மா குனிந்து பார்த்தாள். ஒரு வண்டு இல்லை.

"வாரத்துல மூணு நாளு காலைல வரேன். உன் மூட்டைங்கள சுத்தம் பண்ணித் தரேன். எனக்கு சம்பளம் வேணாம், சாமான் குடு. எங்க வூட்டுக்கு மாசத்துக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

"அரிசி, பருப்பு, கேழ்வரகு, வெல்லம்... தரேன். வெளைவிச்சவாளுக்குத் திருப்பி அனுப்பாம இருந்தா அதுவே எனக்குப் பெரிசு."

"செக்கு எண்ணெ?"

"எண்ணெய்ல வண்டு விழாதே பாட்டி!"

"விழாது. ஆனா எண்ணெ இல்லாம கடுகு வெடிக்காதேம்மா!"

அரை லிட்டருக்கு ஒப்புக்கொண்டாள். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். கடை மாடியில் ஒரு பழைய பெஞ்சு கிடந்தது. அதன் மேல் பரப்பி, நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் நிற்க வைத்தேன். புடவை பறக்காமல் ஓரத்துக்கு ஓரம் செங்கல். எறும்பு வந்தது, தண்ணீரைப் பார்த்தது, கரையில் நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு யாராவது என்னிடம் சாக்பீஸ் என்று சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

மத்தியானம் பையோடு மூன்று மாடி ஏறினேன். மூச்சு வாங்கவில்லை, நம்பினால் நம்புங்கள். மருமகள் பையைப் பார்த்தாள். "துட்டு ஏது அத்தை?" என்றாள், பயந்துபோய். சொன்னேன். முதலில் நம்பவில்லை. அரிசியில் கையை விட்டுத் துழாவினாள். வெல்லத்தைப் பிரித்து முகர்ந்தாள். எண்ணெயைப் பார்த்ததும், "எண்ணெகூடவா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சாப்பிட வந்த மகன் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான்.

"இந்த வயசுல நீ வேலைக்குப் போவணுமா? ஊரு என்னை இன்னா சொல்லும்?"

"உக்காந்து புடைக்கற வேல. அவ பொடவை கடைல நின்னா ஊரு ஒண்ணும் சொல்லாதா?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் சாப்பிட்டான். பிறகு, "சரி, மூணே நாளுதான். ஞாயித்துக்கெழம கெடையாது," என்றான். அவன் சட்டம் போடுகிறானாம்!

மருமகள் அப்போதே சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இன்னாம்மா, வர்றியா இல்லியா? ஆடி ஸ்டாக்கு வந்து எறங்கினு கீது."

"நான் வர்ல சார். கொழந்தைக்கு ஒரு வயசு ஆவட்டும். எங்க வூட்ல இப்போ எங்க அத்தைதான் வேலைக்குப் போவுது."

"யாரு, உங்க மாமியாரா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவங்களுக்கு இன்னா வயசு?"

நான் போனுக்கு நேராகக் குனிந்தேன். "எதுக்கு நைனா கேக்கற? பொண்ணு பாக்க வரப்போறியா?"

போன் கட்டாகிவிட்டது. மகன் புரையேறி இருமினான். மருமகள் சுவரில் சாய்ந்து இரண்டு காலையும் நீளமாக நீட்டி உட்கார்ந்தாள். குழந்தையை எடுத்து அந்தக் கால் மேல் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"நாளைக்கு உங்கள எத்தினி மணிக்கு எழுப்பணும் அத்தை?"